பால் சிந்தாத வண்டி

1

“ஸ்பிரிங்கில் இன்னும் இரண்டு இரும்புப் பட்டை சேர்த்துவிட்டால் வண்டி கல் மாதிரி நிற்கும்” என்றார் ஆ செங். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த நான் அங்கிருந்தே, “வேண்டவே வேண்டாம்!” என்று கத்திவிட்டேன்.

ஆ செங் மலாயாவின் தைப்பிங் நகரத்தில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் சீனர். தமிழ் எஸ்டேட்டுகளிலேயே பிழைப்பு என்பதால் தமிழும் மலாயும் கலந்து அழகாகப் பேசுவார். என் வீட்டுக்காரர் இங்கே ரப்பர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். மருந்துப் பெட்டியோடு தினமும் காரில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சுற்றுகிறவர். கார் சண்டைக்கு முந்தியது. ஜப்பான்காரன் ஓட்டி, அவன் போனபிறகு யாரோ ஓட்டி, கடைசியில் எங்கள் தலையில் வந்து விழுந்தது. எஸ்டேட் ரோடு மழையில் சேறாகவும் வெயிலில் தகரக்கூரை போல வரிவரியாகவும் இருக்கும். அதில் ஓடி ஓடிப் பின்பக்க ஸ்பிரிங் தொங்கிவிட்டது. பின் சீட்டில் உட்கார்ந்தால் ஈரல்குலை வாய்க்கு வந்தது.

என் கத்தலைக் கேட்டு என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“வண்டியப் பத்தி உனக்கு என்னா தெரியும்?”

“வேற வண்டியத் தெரியாது. எங்கண்ணன் வண்டியத் தெரியும். பட்டை போட்டுப் பட்ட பாடும் தெரியும். நம்பிக்கை இல்லன்னா உங்கம்மா வந்ததும் கேளுங்க.”

கிருஷ்ணகிரியிலிருந்து இவருடைய அம்மா, என் அத்தை, அடுத்த கப்பலில் வருவதாக இருந்தது. நான் மறுபடி உண்டாகியிருந்தேன். அப்போது ஏழு மாதம். தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அழைத்துப்போக அண்ணன் வரமுடியாது. அதனால் துணைக்கு அத்தையே கிளம்பிவிட்டார். பினாங்குத் துறைமுகத்திலிருந்து இங்கே வரைக்கும் அவரை இந்தக் காரில்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு அம்மாவின் இடுப்பைப் பற்றிக் கவலை. எனக்கோ அத்தையின் சொம்பைப் பற்றிக் கவலை.

சொம்பு என்ன சொம்பு என்று இவருக்கும் புரியவில்லை, ஆ செங்குக்கும் புரியவில்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துச் சொன்ன கதையைத்தான் இப்போது ஊரில் இருக்கும் உங்களுக்கும் எழுதுகிறேன். இந்த வாரம் என் மகள் மலருக்கு மூன்று வயது முடிகிறது. அந்தக் கதை அவளுக்காக நடந்ததுதான்.

2

நான் தேன்கனிக்கோட்டைக்காரி. என் அண்ணன் மாதேசன் புளி வியாபாரம். காட்டோரத்து ஊர்களில் புளி வாங்கி ஓசூர் சந்தைக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுபோவான். அதற்காகப் பெங்களூரில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்ற காரை வாங்கினான். சிவப்புக் கார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வாயில் கன்னடம்தான் முதலில் வரும். சிவப்புப் பசுவைக் கெம்பி என்று கூப்பிடுவார்கள். காருக்கும் கெம்பி என்றே பெயர் வந்துவிட்டது.

துரை உட்கார்ந்து பைப் பிடித்த பின்சீட்டை அண்ணன் கழற்றி எறிந்துவிட்டான். அந்த இடத்தில் புளி மூட்டை ஏறியது. கல்யாணம் காட்சி என்றால் மட்டும் சீட்டை மறுபடி மாட்டுவான். மாட்டினாலும் புளி வாசனை போகாது. கெம்பியில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் வாயில் எச்சில் ஊறத்தான் போவார்கள்.

என்னைக் கட்டிக்கொள்ள இவர் மலாயாவிலிருந்து லீவில் வந்தார். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு அத்தையும் தேன்கனிக்கோட்டைக்கு வந்தார். திரும்பும்போது அண்ணன் அவரை மரியாதையாகக் கெம்பியில் ஏற்றி, ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரியில் கொண்டுபோய் இறக்கினான். இறக்கினான் என்று சொல்வது மரியாதைக்கு. அத்தையைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து வெளியே எடுத்தார்கள். தலை கூரையில் இடித்து வீங்கியிருந்தது. ஒரு வாரம் இடுப்பில் பற்று.

“அது காரா அது? கல்லு ஒடைக்கற வண்டி. எதிரிக்குக்கூட அத அனுப்பாத மாதேசா” என்றார் அத்தை.

அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். அந்தப் பேச்சு என் தலையில் வந்து விடியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

3

லீவு முடிந்ததும் இவர் கப்பலேறினார். எனக்குப் பர்மிட் வந்தபிறகுதான் நான் போகமுடியும். இன்ன காகிதம் வேண்டும், அதில் இன்னார் கையெழுத்து வேண்டும் என்று மாதக்கணக்கில் இழுத்தது. அதற்குள் நான் உண்டாகிவிட்டேன். கிருஷ்ணகிரி வீட்டில் அத்தையும் நானும் மட்டும்தான். மாமா கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். அத்தை கனத்த உடம்புக்காரர், குரலும் அப்படியே. ஆனால் எனக்கு வாய்க்குப் பிடிக்காத எதையும் அந்த அடுப்பில் ஏற்றியதில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, கட்டுச்சோறு கொண்டுவந்து, பெண்ணைக் கையோடு அழைத்துப்போவார்கள். எட்டாம் மாதத்தில் பயணம் ஆகாது. ஒன்பதாம் மாதத்தில் எங்கள் ரோட்டில் யாரும் துணியமாட்டார்கள். ஆக ஏழாம் மாதத்தை விட்டால் இல்லை. அம்மா சேதி அனுப்பியதும் அத்தை என் முன்னாலேயே பதில் சொன்னார்.

“வளகாப்பு போடட்டும். சோறு ஆக்கிப் போடட்டும். ஆனா அந்த வண்டியில என் மருமவள ஏத்தி அனுப்பமாட்டன். என் புள்ள கடலுக்கு அப்பால இருக்கான். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா அவனுக்கு என்னா பதில் சொல்லுவன்?”

பஸ் இன்னும் மோசம். அந்தப் பக்கம் ரயில் கிடையாது. மாட்டுவண்டி என்றால் ராத்தங்கல். வேறு கார் யாரிடமும் இல்லை. எனக்கு அம்மாவிடம் போகவேண்டும். அத்தை எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் வலி வரும்போது அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சமையலறையில் வெங்காயத்தைச் சாக்கு வைத்து அழுதேன்.

சேதி தேன்கனிக்கோட்டைக்குப் போனது. அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “வண்டியத்தான குத்தம் சொல்றாங்க? வண்டியச் சரி பண்ணிட்டு வர்றன்” என்று சொல்லியனுப்பினான்.

4

இந்த இடத்தில் ஆ செங் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, “பட்டை போட்டாரா?” என்று ஆவலாகக் கேட்டார். பொறுமையாக இருக்கச் சொன்னேன்.

ஓசூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கரீம் பாய் பட்டறை. பாய்க்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கிலும் வைய வரும். அண்ணனும் பாயும் கெம்பியிலேயே பெங்களூர் போனார்கள். அங்கே ஒரு உதிரிபாகக் கடையில் புதிதாக வந்த சாமான் ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். கைநீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய், உள்ளே எண்ணெய், நடுவில் ஒரு தண்டு. ஷாக்கப்சர் என்றார். ஸ்பிரிங் பக்கத்தில் மாட்டினால் குலுக்கல் அடங்கும் என்று கன்னடத்தில் நெடுநேரம் விளக்கினார்.

அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சைக்கிளுக்குக் காத்தடிக்கற பம்ப்பாட்டம் இருக்குது. இதுவா என் வண்டியத் தாங்கும்?”

“எண்ணெய நம்பாத மாதேசா. இரும்ப நம்பு” என்றார் பாய்.

எங்கள் பக்கத்துக் குணம் அது. அங்கே ஓடும் வண்டி எல்லாமே மூட்டை தூக்கும் வண்டி. அதனால் வண்டிக்கு என்ன நோவு வந்தாலும் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்ப்பதுதான் வைத்தியம். சத்தம் வந்தால் பட்டை. சாய்ந்தால் பட்டை. ஒருதடவை ஹாரன் அடிக்காததற்குக்கூட பாய் பட்டை போடச் சொன்னதாக அண்ணன் சிரிப்பான். ஆக, பம்ப்பைக் கடையிலேயே வைத்துவிட்டு ஓசூருக்குத் திரும்பினார்கள். உடைந்து கிடந்த ஒரு லாரியின் பட்டைகளைக் கழற்றி, வெட்டி, கெம்பியின் பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துக் கட்டினார்கள். முடித்துப் பார்த்தால் கெம்பியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, முட்ட வரும் மாடு மாதிரி நின்றது.

“இனிமே உங்கத்தை இல்ல, ஆனையே ஏறி உக்காந்தாலும் அசையாது” என்றார் பாய்.

அது உண்மைதான். அசையவே இல்லை. அதுதான் வினையாகப் போனது.

5

வளைகாப்பு நாள். அம்மாவும் சின்னம்மாவும் ஊர்ப் பெண்கள் சிலரும் கட்டுச்சோற்றுப் பாத்திரங்களோடு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். பின்னாலேயே அண்ணன் கெம்பியில் காலியாக வந்தான். வரும்போதே அவன் முகம் சரியில்லை. என்ன என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, பசி” என்றான்.

வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு எல்லாம் இலை நிறைய இருந்தும் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அத்தை கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு பித்தளைச் சொம்போடு வெளியே வந்தார்.

“இதுல கழுத்து மட்டும் பாலு ஊத்து. வண்டியில நான் உக்காந்து அணை வரைக்கும் போயிட்டு வர்றன். ஒரு சொட்டு சிந்துனாலும் மருமவ இங்கதான். சிந்துலன்னா கூட்டிட்டுப் போங்க.”

அப்போது கிருஷ்ணகிரி அணை வேலை நடந்துகொண்டிருந்தது. கல் லாரிகள் ஓடி ஓடி அந்த ரோடு உழுத நிலம் மாதிரி கிடந்தது. அதைத் தெரிந்தேதான் அத்தை சொன்னார். வளைகாப்புக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு, மடியில் சொம்போடு பின்சீட்டில் ஏறினார். அண்ணன் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் திரும்பிவிட்டார்கள். அத்தை இறங்கியபோது புடவை முன்பக்கம் முழுக்கப் பால். கன்னத்தில் பால், கண்ணிமையில் பால், மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார். அதில் ஒன்றும் இல்லை. நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“பட்டையெல்லாம் போட்டனே அத்தை” என்றான் அண்ணன் பாவமாக.

“என்னாத்தப் போட்டியோ. அன்னைக்குக் கல்லு ஒடைச்சிது, இன்னைக்கு என் எலும்ப ஒடைக்குது. மருமவ இங்கியே இருக்கட்டும்.”

எல்லோரும் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். அண்ணன் கெம்பியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். எனக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் சந்தைக்குப் போகும்போது புளி மூட்டை மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன். அதே வண்டி, அதே ரோடு. ஒருநாளும் தூக்கம் கலைந்ததில்லை. அவன் பக்கத்தில் போனேன்.

“அண்ணா, கெம்பி எப்ப குதிக்காம போவும்?”

“மூட்ட ஏத்துனா” என்றான். சொல்லிவிட்டு என்னையே பார்த்தான். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டான். “அட ஆமா! பாரத்துக்கு ஏத்த பட்டைய மாட்டிட்டு வெறும் வண்டிய ஓட்டிக் காட்டிட்டனே!”

மூட்டை தூக்குவதற்கென்றே இறுக்கிய ஸ்பிரிங்கை ஓர் ஆளின் எடை அமுக்கவே முடியாது. அமுங்காத ஸ்பிரிங் குழியை அப்படியே முதுகுக்கு அனுப்பும். நிறையப் பாரம் ஏற்றினால்தான் அது வளைந்து கொடுக்கும். நாலு மொழியிலும் வையத் தெரிந்த பாய்க்கும் சரி, புளியிலேயே பிறந்து வளர்ந்த அண்ணனுக்கும் சரி, இது தோன்றவில்லை. அவர்கள் வண்டியில் பாரம் இல்லாத நாளே கிடையாது அல்லவா?

இன்னொரு தடவை பார்க்கலாம் என்று அத்தையிடம் அண்ணன் கெஞ்சினான். பால் பட்ட புடவையை மாற்றிக்கொண்டு அத்தை வந்தார். பிடிவாதம் உண்டே தவிர, நியாயம் தெரிந்தவர். புளி மூட்டை கொண்டுவரட்டுமா என்று அண்ணன் கேட்டதற்கு, “வயித்துப்புள்ளக்காரிய புளி மூட்டையோட ஏத்துவியா?” என்று ஒரு சத்தம் போட்டார். பிறகு தானே உள்ளே போய் இரண்டு மூட்டை ராகியை இழுத்து வரச் சொன்னார். அவை டிக்கியில் ஏறின. சின்னம்மாவும் ஊர்ப் பெண்களும் கெம்பிக்குள் அடைந்தார்கள். ஒருத்தி மடியில் ஒருத்தி. பாத்திரங்கள் காலடியில். அம்மா முன்னால். நடுவில் சொம்போடு அத்தை. கதவைச் சாத்த வெளியிலிருந்து நான் முட்டுக்கொடுத்தேன்.

கெம்பி கீழே அமுங்கி, சாதுவாக உட்கார்ந்து, மெதுவாகக் கிளம்பியது. அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் எத்தனை சாமிக்கு வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

திரும்பி வரும்போது தூரத்திலேயே பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வண்டி நின்றதும் அத்தை ஜன்னல் வழியாகச் சொம்பை நீட்டினார். பால் கழுத்து வரைக்கும் நின்றது. மேலே ஆடை கட்டியிருந்தது.

“ம். ஏறு” என்றார் என்னைப் பார்த்து.

பெண்கள் நெருக்கியடித்து இடம் விட்டார்கள். நான் ஏறினதும் அத்தை இறங்கக் கதவைத் திறந்தார். அண்ணன் திரும்பி உட்கார்ந்தான்.

“அத்தை, நீங்க எறங்காதிங்க.”

“ஏன்?”

“நீங்க எறங்குனா பாரம் கொறஞ்சிரும். மறுபடி குதிக்கும். சோதன பண்ணது நீங்க உக்காந்த வண்டிய.”

பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப்போகும்போது மாமியாரும் கூடவே போகிற வழக்கம் எங்கும் இல்லை. அத்தை ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே வைத்தபடி யோசித்தார்.

“கையில ஒரு சீர் இல்ல, சொல்லியனுப்பல. வெறுஞ்சொம்போட சம்பந்தி ஊட்டுக்குப் போவாங்களா யாராச்சும்?”

முன்சீட்டிலிருந்து அம்மா திரும்பினார். “வாங்க சம்பந்தி. உங்க ஊடு அது. பாலோடதான வர்றீங்க?”

அத்தை வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அதற்கப்புறம் வீட்டைப் பூட்டக்கூட இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளச் சொன்னார். அண்ணன் சொன்னது கணக்கா, குறும்பா என்று நான் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

6

ராயக்கோட்டை மலையைச் சுற்றி, கெலமங்கலம் தாண்டி, காட்டோரம் போனோம். வழக்கமாக அந்த இடத்தில் யானைக்குப் பயந்து அண்ணன் விரட்டுவான். அன்று தொட்டிலை ஆட்டுகிற மாதிரி ஓட்டினான். சின்னம்மா பாட்டெடுத்தார். மடியில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கால் மரத்துப்போய்விட்டது, ஆனாலும் இறங்கமாட்டேன் என்றாள். என் தலை அத்தையின் தோளில் இருந்தது. நான் தூங்கிவிட்டேன். தேன்கனிக்கோட்டையில் எழுப்பி, அந்தச் சொம்புப் பாலை எனக்கே குடிக்கக் கொடுத்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விடுவேன் என்றார். மறுநாள் அம்மாவுக்கு ஊறுகாய் போட ஒத்தாசை. அதற்கு அடுத்த நாள் யாரோ சொந்தம் வந்தார்கள். தினமும் ராத்திரி சாப்பிடும்போது, “காலையில கெளம்பறன்” என்பார். காலையில் ராகிக்களி கிளறுகிற சத்தத்தோடு அவர் குரலும் அடுப்படியில் கேட்கும். அம்மாவும் அவரும் யார் களியில் கட்டி விழுந்தது என்று ஒரு பஞ்சாயத்தே வைத்தார்கள்.

ஒருநாள் எனக்குத் தலை சீவிக்கொண்டே அவராகச் சொன்னார். “அந்த ஊட்ல தனியா எப்பிடி இருப்பன், நீயே சொல்லு. அவன் கப்பல் ஏறுனான், நீ இருந்த. நீயும் போயிட்டா நான் செவுத்தோடயா பேசுவன்?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரோட்டுக் குழி பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை அவர் வாய்விட்டுச் சொல்ல, இத்தனை நாள் ஆகியிருக்கிறது. திரும்பி அவரைக் கட்டிக்கொண்டேன். பாதிப் பின்னலில் எழுந்ததற்குத் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

மலர் பிறந்தபோது ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அத்தை. அந்தக் கொடுப்பினை எங்கள் ஊரில் வேறு யாருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

பச்சைக்குழந்தையைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோகிற காலம் வந்ததும் அத்தை அண்ணனைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் ஊரையே ஏற்றிக்கொண்டு போகமுடியுமா? பெங்களூர்க் கடைக்குத் தானே வருவதாகச் சொல்லிக் கெம்பியில் ஏறினார். கடைக்காரர் அந்தப் பம்ப்பை மறுபடி எடுத்து வைத்தார். அத்தை அதைத் தரையில் நிறுத்தி, தண்டின் மேல் உள்ளங்கையை வைத்துத் தன் முழு எடையையும் கொடுத்து அழுத்தினார். தண்டு அவசரப்படாமல் மெல்ல இறங்கியது. இழுத்தால் அதேபோல மெல்ல ஏறியது.

“இது எதுத்துப் பேசல. அடங்கிப் போவுது. இத மாட்டு” என்றார்.

கரீம் பாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தார். லாரிப் பட்டைகளைக் கழற்றினார். பழைய பட்டைகளை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவி, நடுவில் கிரீஸ் தடவி அடுக்கினார். தேய்ந்துபோன ரப்பர்களை மாற்றினார். சேசிஸில் இரும்புத் துண்டு பற்றவைத்து ஷாக்கப்சரைத் தொங்கவிட்டார். ஜாக்கியை இறக்கி, வண்டி நான்கு காலிலும் நின்றபிறகுதான் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கினார். பின் மட்கார்டை ஒரு அமுக்கு அமுக்கிக் கையை எடுத்தார். கெம்பி எழுந்தது, அப்படியே நின்றது. முன்னெல்லாம் அமுக்கினால் தலையாட்டிக்கொண்டே இருக்கும் வண்டி அது.

“அரே!” என்றார் பாய். மறுபடி அமுக்கினார். அன்று சாயங்காலம் வரை போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு அமுக்கிக் காட்டிக்கொண்டிருந்தாராம்.

7

கதை முடிந்ததும் ஆ செங் விழுந்து விழுந்து சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. “இதெல்லாம் எனக்கு யாருமே சொல்லலியே” என்றார். அவர் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்ததில் எதையெல்லாம் இழந்தார் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பாவமாக இருந்தது. இன்னொரு காப்பி கொடுத்தேன்.

பட்டை சேர்க்கும் பேச்சு அதோடு ஒழிந்தது. நான் போல்ட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். இங்கே யாரோ முன்பு சேர்த்திருந்த உபரிப் பட்டையை ஆ செங் கழற்றினார். மற்றவற்றுக்குக் கிரீஸ் தடவினார். எண்ணெய் ஷாக்கப்சர் நான்கு மாட்டினார். போல்ட்டைக் கடைசியில் முறுக்கச் சொல்ல வாயெடுத்தேன். அவரே ஜாக்கியை இறக்கிவிட்டு, “தெரியும், தெரியும்” என்றார். என் வீட்டுக்காரர் மட்கார்டை அமுக்கினார். எழுந்தது, நின்றது. ஒரு பெரிய மனிதரின் சந்தோஷம் அவ்வளவு சின்னதாக இருக்கமுடியும் என்று அன்று பார்த்தேன்.

அத்தைக்கு விசிட் பாஸ் வாங்குவதுதான் காரைவிடக் கஷ்டம். ஆபீசில் ஒரு அதிகாரி, வருகிற காரணம் என்ன என்றார். மருமகளின் பிரசவம் என்றார் இவர். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நீங்களே இருக்கும்போது அம்மா எதற்கு என்று கேட்டாராம். அதற்குப் பதில் எழுத அந்தக் காகிதத்தில் இடமில்லை.

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. மலர் வளர்வது அவளைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்கார ஆயாவின் பிள்ளைகளோடு. சோற்றை ‘நாசி’ என்கிறாள். எதை நீட்டினாலும் ‘தா மாவ்’ என்கிறாள். வேண்டாம் என்பதற்கு மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். பாலைக் கண்டால் ஓட்டமே. இவளுக்கும் அத்தைக்கும் எந்த மொழியில் உறவு நடக்கப்போகிறது? ராத்திரிகளில் இதை நினைத்துச் சில தடவை கண்ணீர்கூட விட்டிருக்கிறேன்.

கப்பல் வருகிற நாள் விடியற்காலையில் கிளம்பினோம். போத்தலில் லயத்துப் பசும்பால், தைப்பிங்கில் வாங்கிய ஒரு புதுப் பித்தளைச் சொம்பு. வழியில் தடுப்பில் நிறுத்தினார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்கு யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று இன்னும் பார்க்கிறார்கள். சிப்பாய் போத்தலை முகர்ந்தான்.

“குழந்தைக்கா?”

“மாமியாருக்கு” என்றேன்.

“மாமியார் எங்கே?”

“கப்பலில்.”

காலிச் சொம்பைப் பார்த்தான், என் வயிற்றைப் பார்த்தான், போகச் சொன்னான். கார் அந்த வரிவரி ரோட்டில் வழுக்கிக்கொண்டு போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

துறைமுகத்தில் கூட்டத்துக்கு நடுவில் அத்தையின் குரல் முதலில் வந்தது, ஆள் பிறகு வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலர் என் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள்.

இவர் காரைக் காட்டி, “புது ஷாக்கப்சரும்மா, நாலும்” என்றார். நான் சொம்பை எடுத்து, போத்தல் பாலைக் கழுத்து மட்டும் ஊற்றி, அத்தையின் கையில் கொடுத்தேன். சோதனைக்கு நாங்கள் தயார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அத்தை சொம்பைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மெல்லக் குனிந்து, சொம்பை மலரின் வாயருகே கொண்டுபோனார்.

“குடி சாமி.”

மலர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ‘தா மாவ்’ வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தாள். கழுத்தில் வழிய வழியக் குடித்தாள்.

“ஐயோ அத்தை, வண்டிக்குச் சோதனை?” என்றேன்.

அத்தை பின்சீட்டில் ஏறி, நடுவில் நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, என்னையும் மலரையும் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டார்.

“சோதன எதுக்கு? பாரத்துக்குத்தான் நான் வந்துட்டனே.”